படத்தில் இருந்த சோறு

மலாக்காவில், நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், துரை பங்களாவின் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் தங்கையா. நாற்பது வயதுவரை அவருக்குப் படம் என்றால் சாமி படம், இல்லாவிட்டால் காலண்டர். நாற்பதாவது வயதில்தான் மனிதர் படம் பார்க்கக் கற்றுக்கொண்டார். கற்காமலே இருந்திருந்தால் ஒரு குடும்பம் பிழைத்துப் போயிருக்கும். இதை வயிற்றெரிச்சலோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

1952இல் துரை சீமையிலிருந்து கல்யாணம் செய்து கூட்டிவந்த துரைசாணி, படம் வரைகிறவள். அவள் தூரிகைகளைக் கழுவி வைப்பதும், படம் வரையும் கட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவதும் தங்கையாவின் வேலையாயிற்று. ஆரம்பத்தில் அவர் சிரித்தார். மாடு நீலமாக இருந்தது, ஆளுக்கு முகமே இல்லை. துரையே தன் பெண்டாட்டி சாயத்தை வீணடிக்கிறாள் என்று கிளப்பில் சொல்லிச் சிரிப்பாராம்.

ஒருநாள் சாயங்காலம் வராந்தாவில் ஒரு படம் காய்ந்துகொண்டிருந்தது. கிட்டத்தில் பார்த்தபோது சிவப்பும் மஞ்சளும் சேறாகக் கிடந்தன. தங்கையா குழாயடிக்குப் போய்த் தற்செயலாகத் திரும்பினார். பத்தடி தூரத்தில் அந்தச் சேறு, அவர் கையால் வளர்த்த கல்வாழைப் பாத்தியாக நின்றது. மழை விட்ட காலையில் அது எப்படி இருக்குமோ அப்படியே. கிட்டப் போனார், சேறு. தள்ளி வந்தார், பூ. இப்படி ஏழெட்டுத் தடவை போய்வந்தார். வாளி நிறைந்து தண்ணீர் பாத்தியெல்லாம் ஓடியது அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான்.

அப்போது மலாயாவில் அவசரகாலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு கிடைக்கக் கூடாதென்று தோட்டத்துக் கூலிகள் குடியிருந்த லயங்களை முள்கம்பிக்குள் அடைத்திருந்தார்கள். வேலிக்கு வெளியே ஒரு பருக்கை போகக் கூடாது. கித்தா என்கிற ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் விடியுமுன் தின்றுவிட்டுப் போனால், திரும்பி வந்துதான் அடுத்த வாய். வாசலில் பெண்களைத் தடவிப் பார்க்க ஒரு சோதனைக்காரி நின்றாள். பிடிபட்டால் ஜெயில், வருடக்கணக்கில்.

தங்கையாவின் மனைவி பெத்தம்மாள் பால் வெட்டுகிறவள். இரண்டு பிள்ளைகள் பிறந்து இரண்டுமே தங்கவில்லை. மூன்றாவது வயிற்றில் வந்ததும், வெட்டுக்காட்டில் ஒரு கித்தா மரத்தடியில் கல்லாக நிற்கும் முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கும்வரை வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கைப்பிடிச் சோறு படைப்பது. முனியாண்டி வேலிக்கு வெளியே இருந்தார். நேர்ந்துகொண்டபோது அவளுக்கு வேலி ஞாபகம் வரவில்லை. வந்த பிறகு நேர்த்திக்கடனை மாற்ற முடியுமா? சோற்றை வாழையிலைத் துண்டில் சுருட்டிக் கொண்டைக்குள் வைத்து முடிந்துகொண்டு போனாள்.

"மாட்டிக்கிட்டா என்னாடி பண்றது?" என்றார் தங்கையா.

"என்னாத்த மாட்டறது? காட்டுக்காரனுக்கா குடுக்கிறேன்? சாமிக்கு வைக்கிறது சோத்துல சேருமா லா? அந்தச் சோதனைக்காரி கை பட்டா எச்சிலாயிருமேன்னுதான் கொண்டையில வச்சுக்கிறேன்."

தங்கையாவுக்கும் அது சரியாகவே பட்டது. சட்டம் சோற்றைப் பற்றியது, இது படையல். இந்த வித்தியாசம் சட்டம் போட்டவனுக்கும் தெரிந்திருக்கும் என்று நம்பும் அளவுக்குப் புருஷனும் பெண்டாட்டியும் வெள்ளந்திகள்.

ஒரு வெள்ளிக்கிழமை துரைசாணி வெட்டுக்காட்டு ஓரத்தில் கட்டையை நிறுத்தச் சொன்னாள். தூரத்து மரங்களுக்கிடையில் பெத்தம்மாள் சிவப்புச் சேலையில் குனிந்திருந்தாள். துரைசாணி கை போன வேகத்தில் சாயத்தை இழுத்தாள். மரங்கள் கறுப்புக் கோடுகளாயின, பெத்தம்மாள் ஒரு சிவப்பு இழுப்பாகி வளைந்தாள், அவள் காலடியில் ஒரு பெரிய வெள்ளை வந்தது. அந்த வெள்ளை என்னவென்று துரைசாணிக்குத் தெரியாது, அவள் கேட்கவுமில்லை. பின்னால் நின்ற தங்கையாவுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து சொன்னார். பெத்தம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மூஞ்சி இருக்கா?"

"மூஞ்சி இல்ல."

"கை?"

"தனியா இல்ல. ஆனா நீதான். பத்தடி தள்ளி நின்னு பாக்கணும், அப்பதான் தெரியும்."

"மொளகா அரைச்சு அப்பி வச்சிருப்பா தொரசாணி. அதப் போயி நான்னு சொல்றீங்க."

அடுத்த மாதம் மலாக்கா டவுனில், கடலோரத்து மண்டபமொன்றில் படங்களை மாட்டி மூன்று நாள் ஜனங்களுக்குக் காட்டினார்கள். துரைசாணியின் படங்கள் ஐந்து. மற்றவை சீனர்களும் வெள்ளைக்காரர்களும் வரைந்தவை. படங்களை லாரியில் கொண்டுபோய் மாட்டி, யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளத் தங்கையாவை அனுப்பினாள். வெள்ளைச் சட்டை ஒன்றும் முக்காலி ஒன்றும் கொடுத்தார்கள்.

அந்த மூன்று நாளும் அவர் ராஜாவாக இருந்தார். ஒரு சுவரில் ஊதா நிறத்தில் மூன்று மீன்கள். பார்த்தாலே கவிச்சி அடித்தது. இன்னொன்றில் மலாக்கா ஆற்றுப் படகுகள் வெறும் முக்கோணங்களாக ஆடின. வந்தவர்களில் பாதிப் பேர் படத்துக்கு மூக்கைக் கொண்டுபோய் வைத்துவிட்டு முகம் சுளித்தார்கள். தங்கையாவுக்கு நாக்கு துறுதுறுத்தது. 'தள்ளி நில்லுங்கய்யா, தள்ளி நின்னு பாருங்க' என்று கத்தலாம்போல இருந்தது. கூலிக்காரன் யாரிடம் சொல்வது?

மூன்றாம் நாள் ஒரு தமிழர் வந்தார். வெள்ளைக் கால்சட்டை, நெற்றியில் விபூதி. பெயர் பாலகிருஷ்ணன். ஒவ்வொரு படத்தின் முன்னும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"பசியாறிட்டீங்களாண்ணே?" என்றார் தங்கையாவைப் பார்த்து. அந்த மண்டபத்தில் அவரிடம் பேசிய முதல் ஆள். "இதெல்லாம் உங்களுக்கு ஏதாச்சும் புரியுதா? எனக்கு ஒரு மண்ணும் புரியலண்ணே."

தங்கையா முக்காலியை விட்டு எழுந்தார். அவரைக் கையைப் பிடித்துப் பத்தடி பின்னால் கூட்டிவந்து, சிவப்புப் படத்தின் முன் நிறுத்தினார்.

"இப்பப் பாருங்க. செவப்பு வளையுது பாருங்க, அது பொம்பள. அந்தக் கறுப்பு தோள்ல வழியுதே, அது அவுந்த கொண்டை. ஏன் அவுத்திருக்கா? கொண்டைக்குள்ளதான் சோத்தக் கொண்டாந்தா. இந்தா, இந்த வெள்ளை. அதான் முனியாண்டிக்குப் படையல்."

பாலகிருஷ்ணன் மெதுவாகத் தலையாட்டினார். "ஆமாண்ணே, தெரியுது. அட, தெரியுதே! ஆனா சோறு அவளவிடப் பெருசா இருக்கே?"

"அதுதான்யா இதுல விசேஷம்! அவளுக்கு ரெண்டு புள்ள தவறிப்போச்சு. இந்த ஒரு புள்ளைக்காக உசுரக் கையில புடிச்சுக்கிட்டு வாரவாரம் வைக்கிறா. அவளுக்கு அந்தச் சோத்தவிடப் பெருசு ஒலகத்துல எதுவும் இல்ல. அதான் தொரசாணி அம்மாம் பெருசாப் போட்டிருக்கா."

இவ்வளவு அழகாக அவர் வாழ்நாளில் பேசியதில்லை. கேட்க ஆள் இருந்ததுமில்லை. இது சாமி காரியம், கேட்பவர் விபூதி பூசியவர். எந்தத் தோட்டம், எந்தக் கிழமை என்று கேட்டதற்கெல்லாம் சந்தோஷமாகப் பதில் சொன்னார். "யாரு அந்தப் பொம்பள?" என்றதும் கூச்சத்தோடு தலையைச் சொறிந்துகொண்டு, "நம்ம வீட்டுக்காரிதான்" என்றார்.

பாலகிருஷ்ணன் போலீஸ் ஆபீசில் மொழிபெயர்ப்பவர். கெட்ட எண்ணத்தோடு அவர் அங்கே வரவில்லை என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். வரும்போது இல்லாமல் இருந்திருக்கலாம். போகும்போது எல்லாவற்றையும் மனதில் குறித்துக்கொண்டுதான் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வாசலில் சோதனைக்காரி பெத்தம்மாளின் வாளியைக் கவிழ்க்கவில்லை, இடுப்பைத் தடவவில்லை. நேராகக் கொண்டையில் கை வைத்தாள். இலைச் சுருள் விழுந்து பிரிந்தது. ஒரு கைப்பிடிச் சோறு வாசல் போலீஸ்காரர்களின் சப்பாத்துக் கால்களுக்கிடையில் சிதறியது. "படையலத் தொட்டுட்டியே பாவி!" என்றுதான் பெத்தம்மாள் முதலில் அலறினாள். தன்னைப் பிடித்துவிட்டார்கள் என்பது அவளுக்கு ஜீப்பில் ஏற்றிய பிறகே உறைத்தது. விசாரணையில், இத்தனை வாரமும் வைத்த சோற்றைத் தின்றது யார் என்று கேட்டார்கள். "முனியாண்டி" என்றாள். கன்னத்தில் அறைந்துவிட்டு மறுபடி கேட்டார்கள். மறுபடியும் அதையே சொன்னாள்.

டவுன் கோர்ட்டில் வழக்கு. பிடிபட்ட கைப்பிடிச் சோறு ஒருநாள் குற்றம்தான். அதை வாரவாரம் நடந்த குற்றமாக்கப் படத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். சர்க்கார் வக்கீல் முதலில் அதைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்தார். நீதிபதி கண்ணாடியை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினார். பெண் எங்கே, சோறு எங்கே என்று அவருக்கு விளங்கவில்லை.

தங்கையாவைக் கூப்பிட்டார்கள். அவருக்குப் புத்தி தெளிவாக இருந்தது. இவர் வாய் திறந்து சொல்லாவிட்டால் அந்தப் படம் வெறும் சாயம். பெண்டாட்டி வயிற்றில் ஐந்து மாதம்.

"எனக்கு ஒண்ணும் தெரியலீங்க. சாயத்த வாரி அடிச்சு வச்சிருக்காங்க. இதுல பொம்பளயுமில்ல, சோறுமில்ல" என்றார். அவர் கண்டு கண்டு பூரித்த படத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னார்.

"அப்படியானால் இவரிடம் சொன்னதெல்லாம்?" என்று வக்கீல் பாலகிருஷ்ணனைக் காட்டிக் கேட்டார்.

"பெருமைக்குச் சொன்னேங்க. புளுகு."

கோர்ட்டில் சிரித்தார்கள். நீதிபதிகூடச் சிரித்துவிட்டுப் படத்தை எடுத்து வைக்கும்படி கையசைத்தார். தங்கையாவுக்கு மூச்சு வந்தது. படத்தைத் தூக்கிய சேவகன் அதை மார்போடு பிடித்துக்கொண்டு திரும்பினான். கூண்டுக்கும் அவனுக்கும் பத்தடி இருக்கும்.

"ஏங்க!" என்றாள் பெத்தம்மாள்.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தாள். வீங்கிய முகத்தில் சிரிப்பு பரவியிருந்தது.

"நான்தாங்க அது! நீங்க சொன்னப்ப நம்பலியே. என் சேலதான், குனிஞ்சு நிக்கிறேன் பாருங்க. அய்யோ, அப்படியே இருக்கேனே!"

கோர்ட்டிலும் மொழிபெயர்க்க நின்ற பாலகிருஷ்ணன் அதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். தங்கையா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பேசியது அவர் வாயல்ல, பெண்டாட்டி வாய் என்பது அந்த நேரத்தில் அவருக்கு மறந்துவிட்டது.

வக்கீல் படத்தை வாங்கி வெள்ளையின்மேல் விரல் வைத்தார். இவ்வளவு சோறு எத்தனை பயங்கரவாதிகளுக்குப் போதும் என்று கேட்டார். "கைப்பிடிதாங்க" என்றாள். வக்கீல் பாலகிருஷ்ணனின் வாக்குமூலத்தைப் புரட்டி, அவள் புருஷன் வாயாலேயே வந்ததை வாசித்தார்: அவளுக்கு அந்தச் சோற்றைவிடப் பெரியது உலகத்தில் எதுவும் இல்லை. நீதிபதி படத்தைப் பார்த்தார். இப்போது அவருக்கும் நன்றாகத் தெரிந்தது. மூன்று வருடம் போட்டார்.

பிள்ளை ஜெயிலில் பிறந்தது. ஆண். ஒன்பது நாள் இருந்தது. தங்கையாவுக்குத் தகவல் வந்தது பதினான்காம் நாள்.

பங்களா வேலையும் லயத்து வீடும் போயின. துரைசாணி அழுதாளாம். அழுதுவிட்டு, வழக்கு முடிந்து திரும்பி வந்த படத்தை அவருக்கே கொடுத்தாள். ஈடு கொடுத்ததாக நினைப்பு. எரித்துவிடத்தான் வாங்கினார். மண்ணெண்ணெய் ஊற்றப் போய், பத்தடி தள்ளி நின்று ஒருமுறை பார்த்துத் தொலைத்தார். அப்புறம் முடியவில்லை. மெர்லிமாவில் லாரி கழுவும் வேலை தேடிக்கொண்டு, வாடகை அறையில் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டி வைத்தார். டவுனில் எத்தனையோ முறை படங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். அந்தத் தெருப் பக்கமே அவர் போகவில்லை.

பெத்தம்மாள் இரண்டரை வருடத்தில் வந்துவிட்டாள். முடியைக் கத்தரித்திருந்தார்கள், கொண்டை போட வழியில்லை. வந்தவள் புருஷன் போட்டுக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தாள். ஆணியில் திரும்பித் தொங்கியதைப் பார்த்து எழுந்து போய்த் தன் பக்கம் திருப்பினாள். பின்னாலேயே நகர்ந்து கதவோரம் வரை வந்து நின்றாள். எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று இப்போது அவளுக்குத் தெரிந்திருந்தது.

வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, நான் ஒரு கைப்பிடிதானே வச்சேன். இம்புட்டுப் பெருசா ஏன் போட்டா தொரசாணி?"

தங்கையாவுக்குப் பதில் தெரியும். அதை ஒருமுறை ஒருவரிடம் சொல்லியிருந்தார். தலையைக் குனிந்துகொண்டு, தேத்தண்ணிக் குவளையைக் கழுவ எடுத்துப் போனார்.