வாசலுக்கு மேலே இடது சிங்கம்

பெரிய தபால் நிலையத்தில் அண்ணன் முப்பது வருடம் பராமரிப்பு மேஸ்திரி. நூறு வருடத்துக்கு முந்தைய கட்டடம். கிரேக்கத் தூண், வெங்காயக் கும்மட்டம், மணிக்கூண்டு, வாசலுக்கு மேலே இரண்டு சிங்கம். "கட்டினவனுக்கு எதையும் விட மனசு வரல போல" என்று அண்ணன் சிரிப்பார்.

பார்ப்பவர்களுக்கு அது கல் சிங்கம். உண்மையில் செங்கல்மேல் பூசிய காரை. வருடம் ஒருமுறை மரச்சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். கடைசித் தடவை இடது சிங்கம் வெற்றுச் சத்தம் கொடுத்தது. காரை உள்ளே பிடிப்பு விட்டிருந்தது.

இறக்க அனுமதி கேட்டார். புராதனக் கட்டடம், தொடக்கூடாது என்றார்கள். கீழே கயிறு கட்டினார். வழியை மறிக்கிறது என்று அதிகாரி அவிழ்க்கச் சொன்னார். பிறகு அண்ணன் தானே அங்கு நின்று ஆட்களை விலக்கினார்.

"சிங்கம் கடிச்சிடுமா மேஸ்திரி?"

"கடிச்சா தையல் போட்டுக்கலாம்ப்பா. விழுந்தா?"

நோய் வந்து படுக்கையில் கிடந்தபோது அண்ணன் என் கையைப் பிடித்து, "கொஞ்ச நாளைக்கு நீ போய் நில்லும்மா" என்றார். தலையாட்டினேன்.

அவர் இறந்த மறுவாரம் போனேன். வெயிலுக்கு ஒதுங்கி, சிங்கத்துக்குக் கீழே இருபது பேர். தள்ளி நிற்கச் சொன்னேன். எனக்கும் நிழல் வேண்டும்போல என்று நினைத்து, ஒரு அம்மா மட்டும் நகர்ந்து பக்கத்தில் இடம் கொடுத்தார்.