பெண்களுக்கென்று வாய் அகலப்படுத்திய துப்பாக்கி

நடுவர் "லாஸ்ட்", அதாவது குறி தப்பியது, என்று அறிவித்தபோது, தட்டிலிருந்து கிளம்பிய தூசி இன்னும் காற்றில் நின்றுகொண்டிருந்தது. என் தங்கை சுட்டது தட்டில் பட்டிருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. ஆனால் விதி தெளிவானது. பறக்கும் களிமண் தட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியும்படி ஒரு துண்டாவது உடைந்து விழ வேண்டும். வெறும் தூசி கணக்கில் சேராது. அந்த விதியோடு எனக்குச் சண்டை இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவளுக்கு மட்டும் ஏன் தூசியாகவே வருகிறது என்று அந்தத் துப்பாக்கி சுடும் கிளப்பில் ஒருவரும் கேட்கவில்லை என்பதுதான் என்னைக் கொதிக்க வைத்தது.

கேட்காதது மட்டுமல்ல, பதிலும் வைத்திருந்தார்கள். முதலில் கண் சரியில்லை என்றார்கள். பெஹாலாவில் கண் மருத்துவரிடம் காட்டினோம். பார்வையில் ஒரு குறையும் இல்லை. பிறகு தோளில் வலுவில்லை என்றார்கள். கடைசியாக, பெண்கள் விசையை இழுக்கும் கணத்தில் பயந்து கண்ணை மூடுகிறார்கள் என்றார்கள். அவள் யோகா செய்தாள், சுவரைப் பார்த்தபடி வெறும் துடைப்பக்கட்டையைத் தோளில் ஏற்றி இறக்கிப் பழகினாள், சோற்றைக் குறைத்துக்கொண்டாள். எனக்கு வேலை சால்ட் லேக்கில், பெண் தொழிலாளர்களுக்கான ஒரு அமைப்பில். இயந்திரம் பழுதாக இருக்கும்போது அதில் வேலை செய்பவளைப் பழுது என்று சொல்வதை வாரம் முழுவதும் கேட்கிறவள் நான். ஞாயிற்றுக்கிழமையும் அதையே கேட்க வேண்டியிருந்தது.

அவள் இழக்கவிருந்தது சிறிய விஷயமல்ல. ஜூனியர் பிரிவில் அவளுக்கு அதுவே கடைசி ஆண்டு. கிளப் தன் துப்பாக்கியை ஜூனியர்களுக்கும் மாநில அணியில் இருப்பவர்களுக்கும்தான் கொடுக்கும். குளிர்காலம் தொடங்கும் முன் நடக்கும் தேர்வில் அணிக்குள் வராவிட்டால் அவள் கையில் துப்பாக்கியே இருக்காது. சொந்தத்தில் ஒன்று வாங்குவது துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் அப்பாவால் நினைத்துப் பார்க்கக்கூடியதல்ல.

ஜோக்கா வரை மெட்ரோவில் போய், அங்கிருந்து டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷாவில், சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போகும் வழியில்தான் ஒருநாள் அவள் சொன்னாள்.

"அக்கா, நேத்து துப்பாக்கியத் தொடைக்கறப்போ பாத்தேன். குழல் வாயில இருக்கற ட்யூப் விளிம்புல நாலு வெட்டு இருக்கு."

"இருந்தா?"

"வெட்டு ஜாஸ்தியா இருந்தா வாய் அகலம்னு அர்த்தம். டீம்ல இருக்கற தாதாக்களோடதுல ஒரே வெட்டு."

தாதா என்றால் வங்காள மொழியில் அண்ணன்; அணியின் மூத்த ஆண்களை அவள் அப்படித்தான் சொல்வாள். குழலின் நுனியில் திருகிப் பொருத்தும் அந்தச் சிறு ட்யூபைச் சோக் என்கிறார்கள். தோட்டாவுக்குள் கடுகைவிடச் சற்றுப் பெரிய ஈய ரவைகள் சில நூறு இருக்கின்றன. சோக் குறுகலாக இருந்தால் அவை நெருக்கமாகவே தொலைதூரம் போகும். அகலமாக இருந்தால் சீக்கிரம் பிரிந்து பரவும். அவள் ஆடும் டிராப் போட்டியில் தட்டு நம்மை விட்டு விலகிப் பறக்கிறது. ரவைகள் அதை எட்டும்போது தட்டு முப்பது மீட்டருக்கும் அப்பால் போயிருக்கும். அங்கே அகலச் சோக்கின் ரவைகளுக்கு நடுவே ஒரு தட்டு முழுதாகப் புகுந்து வெளியேற இடம் இருக்கும். ஒன்றிரண்டு ரவை உரசினால் தூசி, அவ்வளவுதான்.

கிளப் செயலாளரிடம் போனோம். அப்பா வயதுக்காரர், தங்கைக்குக் 'காக்கு', அதாவது சித்தப்பா முறை, மிக மென்மையாகப் பேசுகிறவர். வங்காள மொழியில் அவர் சொன்னதன் சாரம் இது:

"ஷோனோ, கேளு மா, அது நானே யோசிச்சு வெச்சது. பொண்ணுங்களுக்குக் குறி கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும் இல்லையா? அகலச் சோக் போட்டா ரவை குடை மாதிரி விரியும். எங்கயாவது படும். உங்க நல்லதுக்குத்தான்."

"குடை விரியுது காக்கு, ஆனா துணி கூடலையே," என்றாள் தங்கை. "இருக்கற ரவைதானே அத்தனை இடத்துக்கும் போகணும்?"

அவர் சிரித்தார். "பாரு, புஸ்தகம் படிச்சிட்டு வந்திருக்கா."

குறுகிய ட்யூப் தரும்படி கேட்டோம். அவை அணியில் இருப்பவர்களுக்கு மட்டுமே, இரண்டு குழலுக்கும் சேர்த்து ஜோடியாகத் தருவது வழக்கம் என்றார். அணிக்குள் வர அந்த ட்யூப் வேண்டும். ட்யூப் கிடைக்க அணிக்குள் வர வேண்டும். இதை அவர் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் சொன்னார். நேரடியாக இழிவு செய்பவனோடு சண்டை போட்டுவிடலாம். அன்பாகக் கையில் மழுங்கிய கத்தியைக் கொடுத்து, வெட்டத் தெரியவில்லையே என்று தலையைத் தடவுகிறவரை என்ன செய்வது?

எழுத்தில் புகார் கொடுக்க நினைத்தேன். கொடுத்தால் விளைவு யார் மேல் விழும் என்றும் யோசித்தேன். எங்களுக்குப் போய்வரக்கூடிய ரேஞ்ச் அது ஒன்றுதான். ஆகவே கண்ணுக்கு முன் காட்டிவிடலாம் என்று முடிவு செய்தோம். பூஜைப் பந்தல் பிரித்த மூங்கில்கள் ரேஞ்சின் மதிலோரம் கிடந்தன. அவற்றில் சட்டம் கட்டி, பழுப்புக் காகிதத்தை ஒட்டி, தட்டு உடைய வேண்டிய தூரத்தில் நிறுத்தினோம். தங்கை அதில் ஒரு முறை சுட்டாள். அணியில் இருந்த ஒரு தாதா பெருந்தன்மையாகத் தன் சொந்தத் துப்பாக்கியால் இன்னொரு காகிதத்தில் சுட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அவருடையதில் நடுப்பகுதி சல்லடை போல் துளைபட்டிருந்தது. இவளுடையதில் ஒரு களிமண் தட்டை எடுத்து, ஒரு துளையைக்கூட மறைக்காமல் அவள் இங்கே வைத்தாள், அங்கே வைத்தாள், இன்னும் பல இடங்களில் வைத்துக் காட்டினாள்.

"எத்தனை நாளா இதோட சுடற?" என்று அந்தத் தாதா கேட்டார். அவர் குரலே மாறிவிட்டது.

செயலாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "காகிதம் பறக்காது மா," என்றார்.

தேர்வு நாளன்று காலையில், எல்லோர் முன்னிலையிலும் அவர் தங்கையையும் அவளோடு பழகும் இன்னொரு பெண்ணையும் அழைத்தார். இருவரின் துப்பாக்கியும் ஒரே வகை. ஒரு ஜோடிக் குறுகிய ட்யூபைப் பிரித்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். "சமநீதி," என்றார் என்னைப் பார்த்து. நான் கேட்டுவிட வாயெடுத்தேன். இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு ஒற்றை ட்யூபா? தங்கை என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"த்தூர், விடு, இப்ப வேண்டாம் அக்கா. ரெண்டாவதா சுடற குழல்ல இதப் போட்டுக்கறேன். அப்பதான் தட்டு ரொம்ப தூரம் போயிருக்கும். மொதல் குழல்ல சீக்கிரமா சுட்டுடறேன், கிட்ட இருக்கறப்பவே."

ஒரு தட்டுக்கு இரண்டு முறை சுடலாம் என்பது விதி. அப்படியே செய்தாள். தட்டு எழும்பியதும் சுட்டாள். தப்பியதை இரண்டாவது குண்டு தொலைவில் பிடித்து நொறுக்கியது. அந்தக் கறுப்புத் துண்டுகள் சிதறி விழுந்த ஒவ்வொரு தடவையும் எனக்கு மகிழ்ச்சியைவிட ஆத்திரமே மிகுந்தது. இந்தத் திறமை அவள் கையில் முதலிலிருந்தே இருந்ததல்லவா?

அணியில் கடைசி இடம் அவளுக்குக் கிடைத்தது. மற்றப் பெண்ணுக்கு முடிவைத் தீர்மானித்த கடைசித் தட்டு தூசியாகப் போனது. அவள் வெளியே நின்றாள்.

"பார்த்தியா மா, நம்ம ட்யூபோட மகிமை!" என்று செயலாளர் தங்கையின் முதுகைத் தட்டினார். அதே கையை அந்தப் பெண்ணிடம் நீட்டி, அவளுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டார். அவள் கழற்றிக் கொடுத்தாள்.

"அத எங்கிட்ட குடுங்க காக்கு," என்றாள் தங்கை. "டீம்ல இருக்கறவளுக்கு ஜோடியா தரணும், அதானே வழக்கம்?"

அவர் கொடுத்தார். அவள் தன் துப்பாக்கியிலிருந்த ட்யூபையும் கழற்றி, இரண்டையும் சேர்த்து அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்தாள்.

"உனக்கு ஜூனியர்ல இன்னும் ஒரு வருஷம் இருக்கு. ஞாயித்துக்கிழமைல நீ சுட்டு முடிச்சப்புறம் நான் வாங்கிக்கறேன். மொதல்ல பேப்பர்ல சுடு."

"அப்படி வழக்கம் இல்லையே மா," என்றார் செயலாளர்.

"கூடாதுன்னும் இல்லையே."

பெண்கள் இருவரும் சிரித்துக்கொண்டே வாசல் பக்கம் போனார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செயலாளரின் மேசையருகிலேயே நின்று, இதே அகலச் சோக்கோடு சுட்டு, தங்கள் கண்ணையும் தோளையும் நொந்துகொண்டு வீட்டுக்குப் போன பெண்கள் எத்தனை பேர், அவர்களிடம் உண்மையை யார் போய்ச் சொல்வது என்று அவரிடம் கேட்டேன். அவர் உண்மையாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். பிறகு, நான் களைத்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, எனக்கு டீ கொண்டுவரச் சொன்னார்.