பினாங்கு டப்பா

நேற்று அடையாறில் ஒரு பேக்கரிக்குள் நுழைந்ததும் தேங்காயோடு ஏதோ பச்சிலை மணந்தது. எழுபதுகளில் ஒரு கோடை விடுமுறைக்குப் பினாங்கிலிருந்த சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். பக்கத்து வீட்டு மேய் லிங் பூப்போட்ட எனாமல் டப்பாவில் இதே மணத்தோடு பச்சைப் பணியாரம் கொண்டுவருவாள்.

"வெறும் பாத்திரமாத் திருப்பித் தரக்கூடாதுடி" என்று அம்மா அதில் முறுக்கு நிரப்பித் தருவாள். அவர்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான். விடுமுறை முழுக்க அந்த டப்பா ஓயவே இல்லை.

கப்பலேறும் காலையிலும் நிறைந்து வந்தது. முறுக்கு பிழிய நேரமில்லாமல் டப்பா எங்களோடு மயிலாப்பூருக்கே வந்துவிட்டது.

"என்னிக்காவது அவ வந்து கேட்டா வெறுமனேயா குடுக்கறது?" என்று அம்மா கடைசிவரை அதில் ஒரு பிடி அரிசி போட்டு வைத்திருந்தாள்.

நேற்று வீட்டுக்கு வந்து அரிசியை எடுத்துவிட்டு முறுக்கு நிரப்பினேன். வரமாட்டாள் என்று தெரியாமலா?