மாதாவுக்கு நேர்ந்த ஜீனியா

மாடித் தொட்டியில் மகள் ஜீனியாப் பூவைப் பறிப்பதைப் பார்த்ததும், "கைய எடு!" என்று கத்திவிட்டேன். அது என் குரலே இல்லை, அம்மாவின் குரல்.

நான் சிறுமியாக இருந்தபோது ஜூஜுவாடியில், லாரிகள் ஓயாத நெடுஞ்சாலையை ஒட்டி எங்கள் வீடு. வெயில் கொட்டும் வாசலில் அம்மா ஐந்து ஜீனியாச் செடிகள் வளர்த்தாள். "மே மாசம் மாதா பீடத்துக்குன்னு நேர்ந்திருக்கேன். அதுக்குள்ள எவளாச்சும் தொட்டா தோல உரிச்சுடுவேன்" என்பாள்.

எனக்கோ கை சும்மா இருக்காது. அம்மா கம்பெனி ஷிஃப்டுக்குப் போனதும் சுவரோரச் செடியில் தினமும் பூக்களைக் கிள்ளி, ஒவ்வொரு இதழாகப் பிய்த்து, ஓடும் லாரிகளின் காற்றில் விடுவேன். ஜெபம் சொல்லும்போது மாதா சுரூபத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டேன்.

மே பிறந்தபோது, யாரும் தொடாத நான்கு செடிகளும் விதை கட்டிக் காய்ந்து நின்றன. நான் திருடிய செடி மட்டும் பூத்துக் குலுங்கியது. அம்மா வாசலிலேயே முழங்காலிட்டு அழுதாள். பறிக்கப் பறிக்கத்தான் ஜீனியா பூக்கும் என்று அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது. எனக்குப் பிறகு தெரிந்தது. அவளிடம் சொல்லவில்லை.

"புள்ளைய எதுக்குடி அதட்டுற?" என்று இப்போது மாடி நாற்காலியிலிருந்து அம்மா என்னைக் கடிந்தாள். "பாப்பா, இங்க வா. மாதா ஒரே ஒரு செடிய மட்டும் தேர்ந்தெடுத்த கதைய சொல்றேன்."

இன்றாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் என் கை அடுத்த பூவைக் கிள்ளியிருந்தது.