விசிறியைக் குறைத்த மெக்கானிக்

தையல் கம்பெனியில் முந்நூறு மெஷின்கள். அத்தனைக்கும் ஒரே மெக்கானிக். முப்பத்தொரு வருஷமாக அவர்தான். சூடு பார்க்க அவர் எந்தக் கருவியும் வைத்துக்கொண்டதில்லை. மோட்டார் மேல் உள்ளங்கையை வைப்பார், மனதுக்குள் பத்து எண்ணுவார். பத்து வரை கை இருந்தால் மெஷின் ஓடலாம். அதற்குள் கை தானாக எழுந்துவிட்டால் நிறுத்த வேண்டும். "கை தாங்கினா மோட்டார் தாங்கும்" என்பார். இந்தக் கணக்கில் ஒரு மோட்டார்கூடப் புகைந்ததில்லை என்பதால் அவரை எதிர்த்துப் பேச ஆளில்லை.

அவர் மனைவி பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பாளர். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது எவ்வளவு நேரம் தாமதம் என்று மைக்கில் சொல்வது வேலை. அந்தக் குரல் காதில் விழாமல் அந்த ஊரிலிருந்து யாரும் வெளியூர் போனதில்லை. கடையில் அரைக் கிலோ சர்க்கரை கேட்டால் போதும், முன்னால் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

"சாப்பாடு ரெடின்னு சொல்றியா, ரெண்டாம் நம்பர் வண்டி கிளம்புதுன்னு சொல்றியா?" என்று மெக்கானிக் வீட்டில் சீண்டுவார்.

"வண்டின்னா இந்நேரம் ஓடி வந்து ஏறியிருப்பீங்க. சாப்பாடுதானே, அதான் இன்னும் பேப்பரப் பாத்துக்கிட்டு இருக்கீங்க."

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவளோடு பிறந்தவர்கள் மூன்று பேர். மூத்த அக்காள் கட்டிக்கொடுத்த ஊரோடு போய்விட்டாள். நடுவில் ஒருவன் சின்ன வயதிலேயே தவறினான். கடைசித் தம்பிக்கு ஏழு வயதாகும்போது தாய் கண்ணை மூடிவிட, அவனை இவர்கள்தான் எடுத்து வளர்த்தார்கள். உறவுக்கு மைத்துனன், வளர்ப்புக்கு மகன். அவன் கம்ப்யூட்டர் படித்து மருந்து ஆலை ஒன்றில் வேலைக்குப் போனான். அக்காள் பேச்சைப் பதிவு செய்வது பையனாக இருந்தபோதே அவனுக்குப் பழக்கம். அவள் மைக்கில் சொன்னது, அவனுக்குப் பாடம் படித்துக் காட்டியது, மூத்த அக்காளுக்குத் தினமும் போனில் அனுப்பிய குரல் செய்தி எல்லாம் ஒரு பெட்டியில் கிடந்தன. தகரக் கூட்டுக்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு விசிறி. ஒன்றில் பதிவது மற்றதிலும் தானாகப் பதியும்.

"ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு இருக்கும் மச்சான்."

"ரெட்டைப் பிள்ளைன்னு சொல்லு மாப்ள" என்று மெக்கானிக் அதைத் தூக்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

பிறகு அவளுக்குத் தொண்டையில் புற்று வந்தது. உயிர் வேண்டுமா குரல் வேண்டுமா என்பதுபோல் மருத்துவர் பேசினார். அது கேள்வியே இல்லை. குரல்வளையை எடுத்தார்கள். கழுத்தில் ஓர் ஓட்டை வழியாக மூச்சு. பேச்செல்லாம் ஒரு நோட்டில்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற பெண்தான் ஒரு வழி சொன்னாள். எழுதினால் பேசும் கருவி ஒன்று இருக்கிறது. பழைய பதிவுகளைக் கொடுத்தால் அதை இவள் குரலிலேயே பேச வைக்கலாம். "ரெண்டு மணி நேரத்துக்கு வேணும். பின்னால இரைச்சல் இருக்கக் கூடாது. மாசக் கடைசிக்குள்ள குடுத்துடுங்க, அப்புறம் எடுக்க மாட்டாங்க" என்றாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் மனைவி நோட்டை மூடவில்லை. "யாராவது கதவத் தட்டினா யாருன்னு கேக்கணும். அது போதும்" என்று எழுதிக் காட்டினாள். மெக்கானிக் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மைத்துனன் அந்த வாரமே வந்து பெட்டிக்கு வேலை கொடுத்தான். ஆயிரக்கணக்கான பதிவுகளிலிருந்து பஸ் ஹாரனையும் கூட்டத்தின் சத்தத்தையும் கழித்து அவள் குரலை மட்டும் பிரிக்க வேண்டும்.

"அஞ்சு நாள் விடாம ஓடும் மச்சான். ஓடும்போது பெட்டிய அசைக்காதீங்க, டிஸ்க் கெட்டுடும். சூடு ஏறினா விசிறி தானா வேகம் எடுக்கும், சத்தம் வரும். விட்டுடுங்க. முடிஞ்சதும் வந்து தனியா ஒரு காப்பி எடுத்துக்கறேன்."

"மோட்டார் சூட்டப் பத்தி நீ எனக்குச் சொல்றியா? போடா" என்றார் மெக்கானிக், சிரித்துக்கொண்டே.

அந்த வீட்டில் படுக்க ஓர் அறைதான். அலமாரியை ஒட்டித்தான் கட்டில். முதல் நாள் விசிறி முனகியது. இரண்டாம் நாள் ஊளையிட்டது. கழுத்துக் காயம் ஆறாதவளுக்குத் தூக்கம்தான் பாதி மருந்து என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் தலையைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தாள். மத்தியானம் நோட்டை நீட்டினாள். "தலைக்குள்ள குளவி கூடு கட்டுது."

பெட்டியை நகர்த்தக் கூடாது. அவளை நகர்த்த வேறு இடம் இல்லை. மெக்கானிக் தன் சாமான் டப்பாவைக் கிளறினார். மெஷின் விளக்கு ஒன்றிலிருந்து எப்போதோ கழற்றிய சின்ன ரெகுலேட்டர் கிடைத்தது. பக்கத் தகரத்தைத் திறந்து, விசிறிக்குப் போகும் ஒயரை வெட்டி, நடுவில் அதைச் சேர்த்தார். குமிழைத் திருப்பத் திருப்ப ஊளை முனகலாகி, முனகல் மூச்சாகியது. தகரத்தை மூடி, மேலே உள்ளங்கையை வைத்துப் பத்து எண்ணினார். சந்தேகத்துக்கு இருபதும் எண்ணினார். வெதுவெதுப்புதான். மிச்சம் இருந்த சத்தமும் அடங்கட்டும் என்று அலமாரிக் கதவையும் சாத்தினார்.

கூட்டின் தகரம் வேறு, உள்ளே சுழலும் டிஸ்க் வேறு என்று அவருக்குத் தோன்றவில்லை. கை சும்மா தாங்குகிற சூட்டிலேயே டிஸ்க் செத்துப்போகும் என்பதும் அவருக்குத் தெரியாது. மோட்டார் அப்படிச் சாகாதே.

அன்று அவள் விளக்கேற்றும் நேரம் வரை தூங்கினாள். எழுந்து, "காது ஆறிப்போச்சு" என்று எழுதினாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு மெக்கானிக்குக்கும் சாப்பாடு இறங்கியது.

பெட்டி கத்தாமல் இல்லை. சூடு தாங்கவில்லை என்று மைத்துனனின் போனுக்குச் செய்தி மேல் செய்தி அனுப்பியது. அந்த இரண்டு நாளும் ஆலையில் பெரிய மெஷினை மாற்றினார்கள். வேலைக்காரர்களுக்கு உள்ளேயே தங்கல், போன்களெல்லாம் வாசல் பெட்டியில் கிடந்தன.

நான்காம் நாள் காலை அலமாரிக்குள் 'டிக், டிக்' என்று கேட்டது. மெக்கானிக் கதவைத் திறந்தார். அடுப்பு வாயைத் திறந்ததுபோல் முகத்தில் அனல் அடித்தது. விசிறி நின்றே போயிருந்தது.

மைத்துனன் வந்து தகரத்தைக் கழற்றினான். அக்காள் பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ன மச்சான்?"

"சத்தம் அவளுக்கு ஆகல."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கை வச்சுப் பாத்தேன் மாப்ள. சூடே இல்ல." பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "ரெண்டு இருக்குன்னியே, ஒண்ணாவது?" என்றார்.

"ரெண்டையும் ஒரே அடுப்புல வச்சா ரெண்டும்தான் வேகும்."

அவன் ரெகுலேட்டரைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அக்காள் வந்ததும், "பழைய டிஸ்க்கு அக்கா, அதுவா போயிடுச்சு" என்றான். மெக்கானிக் பக்கத்திலேயே நின்றார். அந்தப் பொய்யை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

செத்த டிஸ்க்கிலிருந்து எடுத்துத் தருகிறவர்களிடம் அவன் கொண்டுபோனான். உள்ளே கீறல் விழுந்துவிட்டது என்று திருப்பிக் கொடுத்தார்கள். பஸ் ஸ்டாண்டில் பழைய பதிவுகளை எப்போதோ அழித்திருந்தார்கள். மூத்த அக்காள் இறந்து இரண்டு வருஷம். அவள் போன் மருமகனிடமிருந்து யாரிடமோ போய்விட்டது. மெக்கானிக் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு உறவு உறவாக ஏறி இறங்கினார். பெரியம்மாவின் இரண்டாவது மகள் வீட்டுக் கல்யாண வீடியோவில் பேண்டு சத்தத்துக்கு அடியில் அரை நிமிஷம் அகப்பட்டது. சித்தப்பா மகன் போனில் "சரி, வரேன்" என்று ஒரு செய்தி. அவளுடைய ஓரகத்தியின் அண்ணன், பதினைந்து வருஷமாக முகம் கொடுத்துப் பேசாதவர், இவர் கேட்டதும் பழைய போனையெல்லாம் கொட்டித் தேடினார். ஒன்றுமில்லை. எல்லாம் சேர்த்து நான்கு நிமிஷம்.

பயிற்சிப் பெண் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினாள். "இத வச்சு ஒண்ணும் பண்ண முடியாதுங்க. மெஷினோட இருக்கிற குரல்ல ஒண்ணு போட்டுத் தரட்டுமா?"

மாசக் கடைசியில் கருவி வீட்டுக்கு வந்தது. அவள் அதை மடியில் வைத்து வெகுநேரம் தொடாமல் இருந்தாள். மைத்துனன் வேலைக்குப் போயிருந்தான். மெக்கானிக் ஜன்னலோரம் நின்றார். பிறகு அவள் நிதானமாகத் தட்டினாள். யாரோ ஒரு பெண் அறைக்குள் பேசினாள்.

"விசிறிய நீங்கதானே குறைச்சீங்க?"

"ஆமா" என்றார் மெக்கானிக்.

அவள் கேட்டது கோபத்திலா, வருத்தத்திலா, தெரிந்துகொள்ளத்தானா என்று அவருக்குப் பிடிபடவில்லை. சொந்தக் குரலாக இருந்தால் முதல் சொல்லிலேயே தெரிந்திருக்கும். இந்தக் குரலில் எதுவும் இல்லை, மணி கேட்பதுபோல் கேட்டது. முகத்தைப் பார்க்கலாம் என்றால் அவள் குனிந்திருந்தாள். இன்னும் ஏதோ தட்டினாள், நிறுத்தினாள், ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். கருவியை அணைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.