பக்கெட்டில் நின்ற தக்காளி

முதுகுத்தண்டில் வட்டு நழுவிய பிறகு, சரிவில் இறங்கக்கூடாது, குனியக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் மலையூர் தலைச்சோலையில் சரிவில் இறங்காமல் என்ன செய்வது? என் காய்கறித் தோட்டம் காப்பித் தோட்டத்துக்கும் கீழே, பள்ளத்தில் இருக்கிறது. என் வீட்டுக்காரர்கூட அதில் கை வைக்கமாட்டார். அது புதராகிக்கொண்டு போவதை வாசலில் நின்று பார்க்கப் பார்க்க அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. சேலத்தில் இருக்கும் மகள், "அங்க சும்மா உக்காந்துட்டு என்னம்மா பண்ற? எங்கூட வந்துரு" என்றாள். சும்மா உட்கார மலையென்ன, சேலமென்ன என்று எனக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது.

அவள்தான் மண்ணில்லாமல் செடி வளர்க்கும் பக்கெட்டுகள் நாலு வாங்கி வந்தாள். மூடியில் ஓட்டை, ஓட்டையில் வலைக் கிண்ணம், அதில் தக்காளி நாற்று. அடியில் சத்துப்பொடி கலந்த தண்ணீர். வேர் மூச்சுவிட ஒரு சின்ன மோட்டார் காற்றைக் குமிழ் குமிழாக அனுப்பும். இடுப்பு உயரப் பெஞ்சில் வரிசையாக வைத்தோம்.

"பக்கெட்டுல நிக்கறதெல்லாம் ஒரு செடியா புள்ள?" என்றார் வீட்டுக்காரர்.

எனக்கோ மூடியைத் திறந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. பிறந்ததிலிருந்து மண்ணோடு கிடக்கிறேன், உயிரோடு இருக்கும் வேரை அதுவரை பார்த்ததே இல்லை. பிடுங்கினால்தானே பார்க்க முடியும்? இங்கே நூல் நூலாக வெள்ளை வேர், திங்கட்கிழமை விரல் நீளம், அடுத்த திங்களுக்குள் ஒரு சாண்.

மழை தொடங்கியதும் கரண்ட் அடிக்கடி போனது. மோட்டார் நின்றால் வேருக்கு மூச்சுத் திணறும். பெஞ்சுக்கு மேலே பலகையில் ஒரு டிரம் வைத்துச் சத்துத் தண்ணீரைக் குழாயில் சொட்டவிட்டால், விழுகிற வேகத்திலேயே காற்றையும் கொண்டுபோகாதா? பக்கெட் நிரம்பினால் மொண்டு மறுபடி டிரம்மில் ஊற்ற வீட்டுக்காரர் இருக்கிறார். குழாய் மூன்று பக்கெட்டுக்குத்தான் எட்டியது. நாலாவதில் இருக்கும் தண்ணீரையே நான் செம்பில் மொண்டு, காப்பி ஆற்றுவதுபோல உயரத்திலிருந்து ஊற்றிவிட்டேன்.

அந்த டிரம், காப்பி இலையில் நோய்க்கு அடிக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலக்கிற டிரம். உள்ளே நீலப் படலம், எத்தனை கழுவியும் போகவில்லை. "இருந்துட்டுப் போகுது, மருந்துதான?" என்றார் அவர். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. வருஷா வருஷம் காப்பியைக் காப்பாற்றும் மருந்து தக்காளியை என்ன செய்துவிடும்?

பத்தே நாளில் மூன்று பக்கெட்டிலும் வேர் பழுப்பேறி நுனி கருகியது. நாலாவது மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. கண் பட்டுவிட்டது என்றார் வீட்டுக்காரர். பட்ட கண் நாலாவதை மட்டும் ஏன் விட்டது? டிரம்மை இறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தேன். தண்ணீர் நின்ற மட்டம் வரைக்கும் நீலமே இல்லை, அதற்கு மேலே அப்படியே இருந்தது. வெறும் தண்ணீருக்கு அசையாத நீலம் சத்துத் தண்ணீரில் கரைந்து மூன்று செடிக்கும் போயிருக்கிறது. இலையில் அடிக்கிற மருந்தை வேருக்குக் குடிக்கக் கொடுத்திருக்கிறேன்! என் மேலேயே ஆத்திரம் வந்தது. ஆனால் பொய் சொல்லக்கூடாது, கண்டுபிடித்துவிட்டேனே என்ற சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அந்த மூன்று பக்கெட்டையும் தேய்த்துக் கழுவிப் புது நாற்று வைத்தேன். வேறு டிரம் வாங்கி வரட்டுமா என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு வேண்டாம் என்றேன். கரண்ட் போனால் நாலையும் நானே செம்பால் ஆற்றிவிடுகிறேன். அதற்குக் குனிய வேண்டியதில்லை.

போன வாரம் மகள் போன் செய்தாள். "அங்க மழ நொம்பவாமா, கரண்டும் இல்லியாமா. இப்பவாச்சும் வாயேம்மா."

"நான் வந்துட்டா இதுகளுக்கு ஆரு கண்ணு மூச்சுக் குடுப்பா?" என்றேன்.