மரம் காயக்கூடாது, நெல் காயவேண்டும்

மலாய் மண்ணில், கிள்ளானுக்கு அந்தப் பக்கம், ரப்பர் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள் நான். என் புருஷன் ஊரிலிருந்து கப்பலில் வந்தவர். அந்த வித்தியாசம் மற்ற நாட்களில் தெரியாது. ரப்பர் விலை விழுந்த வருஷத்தில் நன்றாகவே தெரிந்தது. தோட்டத்தில் பாதிப் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மிஞ்சியவர்களுக்குச் சம்பளம் குறைந்தது, போனவர்களின் மரங்களும் எங்கள் தலையில் விழுந்தன. கடை அரிசி எட்டாத பொருளாகிவிட்டது. ஆற்றோரம் சும்மா கிடக்கும் பள்ளத்தில் வேண்டுமானால் நெல் போட்டுக்கொள்ளுங்கள் என்றார் துரை.

என் புருஷன் ஒரே பேச்சாக முடித்துவிட்டார். "இந்த நெல்லு வீடு வந்து சேந்தா இருப்போம். இல்லேன்னா அடுத்த கப்பல்ல நாமளும் போறோம்."

போறோமாம்! அவருக்கு அங்கே அண்ணன் இருக்கிறார், பங்காளிகள் இருக்கிறார்கள். எனக்கு யார் இருக்கிறார்கள்? அப்பாவையும் அம்மாவையும் இந்த மண்ணில்தான் புதைத்தோம். முகம் தெரியாத ஓரகத்தி வீட்டு வாசலில் கைப்பிள்ளையோடு போய் நின்று சோற்றுக்குக் கை நீட்டவா? தலைகீழாக நின்றாவது அந்த நெல்லை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

பக்கத்துக் கிராமமான கம்பத்து மலாய்க்காரர்களிடம் விதை வாங்கிப் போட்டோம். பயிர் குறை சொல்ல முடியாமல் வந்தது. புரட்டாசியில் கதிர் பழுத்துத் தலை சாய்ந்தபோதுதான் வினை ஆரம்பித்தது. பால் வெட்டுகிறவர்களுக்கு வெயிலும் மழையும் வேறு மாதிரி. விடிகாலையில் மரப்பட்டை உலர்ந்திருந்தால் வெட்டப் போயாக வேண்டும். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டிய கோட்டில் நிற்காமல் கண்டபடி வழிந்துவிடும். அன்று வெட்டு கிடையாது, நாள் முழுக்க நம்முடையது. ஆக வெயில் துரைக்கு, மழை எங்களுக்கு. மழையில் நெல்லை அறுத்து என்ன செய்வது, முளைக்க விடவா? பாலைக் கொட்டகையில் ஊற்றிவிட்டு நாங்கள் திரும்பும் நேரத்துக்கு மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வரும். குழந்தைத் துணி காயக்கூட நேரம் இருக்காது.

அதனால் வேலையைப் பிரித்து வைத்தேன். ஈரத்தில் செய்ய முடிந்ததை எல்லாம் ஈரத்திலேயே முடித்துவிட வேண்டும். வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடிப்பது, சாய்ந்த பயிரைத் தூக்கிக் கட்டுவது எல்லாம் மழை நாள் வேலை. பாய் முடைவதும் அரிவாள் தீட்டுவதும் வாசலில் உட்கார்ந்தே ஆகும். ஒரே ஒரு காய்ந்த நாள் கிடைத்தால் போதும், அறுப்பதையும் அடிப்பதையும் உலர்த்துவதையும் தவிர வேறெதிலும் கை போகக்கூடாது.

எனக்குக் கவலை மேகத்தைப் பற்றி. அவருக்குப் பஞ்சாங்கத்தைப் பற்றி. பட்டணத்து பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் வாங்கி வந்தது. செவ்வாய் ஆகாது, சனி ஆகாது, கரிநாள் ஆகவே ஆகாது. "நாள் பாக்காம அறுப்பு தொடங்குனா வெளங்குமா?" என்பார். அவரோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல நேரத்தில், ஓடிப்போய் ஒரு பிடி கதிர் அறுத்து வந்து வாசல் நிலையில் கட்டிச் சூடம் காட்டினேன். அவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எதற்கு இந்த அவசரம் என்று கேட்கத் தோன்றவில்லை அவருக்கு.

அடுத்த செவ்வாய்க்கிழமை விடியும் முன்னே, கடலுக்கு அந்தப் பக்கமிருந்து சுமத்ராக் காற்று வந்தது. லயத்துக் கூரையே அதோடு போய்விடும் போலிருந்தது. மழை அறைந்தது. "போச்சு, எல்லாம் போச்சு" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். ஆனால் வெளுக்கும் நேரத்துக்கு மழை சுத்தமாக நின்றது. ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போனால், வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கிறது, வெயில் பளீரென்று அடிக்கிறது!

தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி அவசரப்படவில்லை. "பொறுங்க. பட்டை காஞ்சுதுன்னா லேட்டா வெட்டிக்கலாம்" என்று சொல்லிப் பக்கத்து மரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஈரம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வைத்தார். நான் மனசுக்குள் மாரியாத்தாளைக் கூப்பிட்டேன். ஆத்தா, மரம் காயக்கூடாது, நெல்லு காயணும். ஒரே வெயில், ஒரே காற்று, ஒன்று காய்ந்து மற்றது காயாமல் இருக்க வேண்டுமாம். அவள்தான் என்ன செய்வாள், பாவம். கிராணி மூன்றாம் தடவையும் தடவியபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"எத்தன வாட்டிதான் தடவுவீங்க ஐயா? மரமென்ன உங்க வீட்டுக் கன்னுக்குட்டியா?"

வரிசை முழுக்கச் சிரித்துவிட்டது. அவருக்கும் சிரிப்பு வந்தது. ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, "இன்னைக்கு வெட்டு இல்ல, போங்க" என்றார்.

நான் ஓட, என் புருஷன் மட்டும் நின்றார். "செவ்வாய்க்கிழமையாச்சே புள்ள. இன்னைக்குப் போயி தொடங்குறதா?"

"யாரு இன்னைக்குத் தொடங்குறா? வெள்ளிக்கிழமையே தொடங்கியாச்சு. நெலையில கட்டியிருக்கே, அது என்ன தோரணமா? இன்னைக்கு மிச்சத்த அறுக்குறோம், வாங்க."

அசடு வழிய அரிவாளை எடுத்துக்கொண்டார். அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

காற்றில் விழுந்த பயிரை முதலில் அறுத்தோம். தரையில் கிடப்பது காத்திருக்காது. நின்றதில் பள்ளத்துப் பக்கம் அடுத்து, மேட்டுப் பக்கம் கடைசி. ஏணையில் பிள்ளை அழுதால் அழட்டும் என்று விட்டேன். அடித்த நெல்லைப் பாயில் பரப்பி, காலால் துழாவித் துழாவிக் காயவிட்டோம். ஈரம் முழுசாகப் போகும் முன்பே மலை கறுத்தது. அப்படியே மூட்டை கட்டினால் புழுங்கிப் பூசணம் பூத்துவிடும். ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டு அடியில் நெருப்பு போடுகிற புகைக்கூண்டு, ஆள் குறைந்ததால் பாதி காலியாக இருந்தது. கிராணியிடம் ஓடினேன்.

"துரை பாத்தாருன்னா என் வேலை போயிரும்மா" என்றார். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, கதவைத் திறந்துவிட்டார். "ஒரு ஓரமா போடு. ஷீட்டுல ஒரு நெல்லு ஒட்டியிருந்தாலும் சும்மா விடமாட்டேன்."

கடைசிப் பாயை உள்ளே இழுத்ததும் மழை கொட்டியது. அப்பாடா! புகைக்கூண்டுப் படியில் உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன், புகையில் இருமினேன். பெய்யட்டும், இனி எவ்வளவு வேண்டுமானாலும் பெய்யட்டும் என்றிருந்தது.

புது அரிசி கொதிக்கும்போதே ரப்பர் வாடை லயம் முழுக்கப் பரவிவிட்டது. அவர் ஒரு வாய் வைத்தார். முகம் கோணியது. சண்டைக்குத் தயாராக நான் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டேன்.

"நாத்தம் கொடலப் பொரட்டுது" என்றார். சொல்லிக்கொண்டே தட்டைக் காலி பண்ணி மறு சோற்றுக்கு நீட்டினார். "அடுத்த வருஷம் அந்தப் புகைக்கூண்டு வேணாம் புள்ள. பள்ளத்துலயே சின்னதா ஒரு கொட்டாய் போட்டுக்குவோம்."

அடுத்த வருஷம் என்றார். பானையில் இருந்த சோற்றை எல்லாம் வழித்து அவர் தட்டில் கொட்டினேன்.